தராசு யார் கையில்?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவில், திகன சந்தியிலே காலை வேளையிற் சற்று நின்று பார்த்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். கீழ்நாட்டிலிருந்து பதினெட்டு வளைவும் ஏறி, ஹுன்னஸ்கிரிய தாண்டி வரும் பஸ்களில், மடியிலே பொலித்தீன் பையும் அதனுள்ளே கிளினிக் கொப்பியுமாகச் சிலர் அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் வயலில் உழைத்து உரமேறிய ஆண்கள். சிலருக்குக் கால் வீங்கியிருக்கும். கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கோ பேராதனைக்கோ போகும் சிறுநீரக நோயாளர் அவர்கள். மகியங்கனைக்கு அப்பால் கிராந்துருக்கோட்டைப் பகுதியில் இந்நோய் எத்தனையோ வீடுகளில் நுழைந்துவிட்டது.

அந்த ஊர் நமக்கு அந்நியமானதன்று. 1984ஆம் ஆண்டில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் நீர் நிறைந்து பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியபோது, நிலமிழந்த குடும்பங்களிற் பல மகாவலி ‘சீ’ வலயத்திற்கே, அதாவது அந்தப் பக்கத்திற்கே, அனுப்பப்பட்டன. திகன வளர்ந்ததும் அதே அணைக்கட்டு வேலையோடுதான். ஆகவே அந்தப் பஸ்களில் வருபவர்களுள் நமது பழைய அயலவரின் பிள்ளைகளும் உண்டு.

1990களில் அநுராதபுரம் பக்கத்திலும் பின்னர் கிராந்துருக்கோட்டையிலும் வைத்தியர்கள் இந்நோயைக் கவனிக்கத் தொடங்கினர். சீனி வியாதியும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆயினும் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகின்றது. காரணம் அறியப்படாத நீடித்த சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். தண்ணீரிலுள்ள புளோரைட்டு என்றனர் ஒரு சாரார். கட்மியம் என்றனர் வேறொரு சாரார். ஆர்சனிக்கு என்றனர் இன்னொரு சாரார். களைகொல்லி என்றனர் பிறிதொரு சாரார். வெயிலில் நீரருந்தாது உழைப்பதே என்று கூறுவோரும் உளர். எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே காரணம் இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

அறிஞர்கள் முரண்படுவதிற் குற்றமில்லை. ஆராய்ச்சி வளர்வதே அப்படித்தான். ஆனால் சில காலத்துக்கு முன் அதே சந்தியில், தேநீர்க் கடையொன்றில், ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு வகையானது. தோட்டத்திலே முப்பது வருடத்துக்கு மேல் கொந்தரப்புக்கு மருந்தடித்தவர் அவர். டாங்கியின் வார் பதிந்த தழும்பு இன்றும் தோளில் இருக்கிறது.

“மாஸ்டர், புல்லு மருந்து மனுசனுக்கு ஒன்னும் செய்யாதுன்னு அந்தக் காலத்துல சொன்னாங்க. இப்ப கிட்னிக்குக் கூடாதுங்கிறாங்க, கேன்சருங்கிறாங்க, இல்லவே இல்லைங்கிறாங்க. எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்கதான். அந்தப் படிப்புக்கெல்லாம் சல்லி குடுக்கிறது யாருங்க?”

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேச்சுக்களைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. படித்தவர்கள் மத்தியில் இது மரியாதையற்ற கேள்வியாகவே கருதப்படுகின்றது. பேராசிரியர் ஒருவரைப் பார்த்து, “ஐயா, உங்களுக்கு யார் காசு தருகிறார்கள்?” என்று கேட்பது அவரது நேர்மையைச் சந்தேகிப்பதாகிவிடும் என்று அஞ்சுகிறோம். இந்த அச்சம் சரியானதுதானா என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க நீண்ட வியாக்கியானம் வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்தாற் போதும். மலையிலிருந்து கொழுந்தைச் சுமந்து வந்து ஒரு பெண் நிற்கிறாள். நிறுப்பவர் தோட்டத்து ஆள். நிறைக்கேற்பக் காசு கொடுப்பதும் தோட்டம். ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். நிறுப்பவர் கள்ளர் என்று நாம் கூறவில்லை. கோடியில் ஒருவராக, மனச்சாட்சிக்குப் பயந்தவராகவே அவர் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தராசும் பணப்பையும் ஒரே கையில் இருக்கும்வரை, அவர் சரியாக நிறுத்தாலும் அவள் மனம் ஆறாது. பிழையாக நிறுத்தாலும் அவளால் நிரூபிக்க முடியாது. இந்த மனத்தாங்கல் மலையகத்தில் எத்தனை தலைமுறையாக இருந்து வருகின்றது என்பதை நம்மவர்க்குச் சொல்லவேண்டுமா?

ஆராய்ச்சியில் பணத்தினால் எழும் நலமுரண்பாடு என்று இன்று பல்கலைக்கழகங்கள் பேசுவது இதைத்தான். உண்மையை நிறுத்துச் சொல்லும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கிறது. அதே நிறுவையின் முடிவில் அவருக்கு இலாபமோ நட்டமோ வருகிறது. கம்பனியின் பங்குகள், காப்புரிமை, ஆலோசனைக் கட்டணம், வெளிநாட்டுப் பயணம், ஆய்வுகூடத்துக்கு ஓர் இயந்திரம், மாணவருக்குப் புலமைப்பரிசில் என அது பல உருவில் வரலாம். இவற்றில் எதுவும் தன்னளவிற் பாவமன்று. பொய் சொல்லவேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள்; கேட்கவேண்டிய தேவையுமில்லை. எந்தக் கேள்வியை ஆராய்வது, எதை விட்டுவிடுவது, எத்தனை மாதம் அவதானிப்பது, பிரதிகூலமான முடிவை இந்த வருடமே வெளியிடுவதா அடுத்த வருடம் பார்ப்பதா என்ற சிறுசிறு தீர்மானங்களிலேயே முள் மெல்லச் சாய்ந்துவிடும். சாய்த்தவருக்கே அது தெரியாமலும் போகலாம்.

பெரியவர் அடித்த அந்த மருந்தின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

கிளைபோசேட்டு என்பது அதன் பெயர். மொன்சாண்டோ என்ற அமெரிக்கக் கம்பனி 1974ஆம் ஆண்டில் ‘றவுண்டப்’ என்று அதை விற்கத் தொடங்கியது. காலப்போக்கில் நமது தேயிலைத் தோட்டங்களிலும், கீழ்நாட்டு வயல்களிலும் அது பரவியது. அதன் பாதுகாப்பைப் பற்றி உலகெங்கும் அதிகமாக எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று 2000ஆம் ஆண்டில் நச்சியல் ஏடொன்றில் வெளிவந்தது. மூன்று அறிஞர்கள் ஒப்பமிட்டிருந்தனர். ஒருவர் நியூயோர்க் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர். இன்னொருவர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தவர். மூன்றாமவர் கனடாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தவர். மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை என்பது அவர்கள் முடிவு. அரசாங்கங்களும் அதை ஆதாரமாகக் கொண்டன.

2017ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின்போது கம்பனியின் உள்வீட்டுக் கடிதங்கள் வெளியாயின. புதிய கட்டுரையொன்றைத் தாமே எழுதி, வெளியாரின் பெயரில் வெளியிடலாம் என்றும், 2000ஆம் ஆண்டுக் கட்டுரையை அவ்வாறே கையாண்டதாகவும் கம்பனி விஞ்ஞானி ஒருவர் 2015இல் எழுதியிருந்தார். அடுத்த வருடம், கலிபோர்னியாவில் பாடசாலை வளவுகளிலே மருந்தடித்து வந்த தொழிலாளி ஒருவர் புற்றுநோயுடன் நீதிமன்றம் சென்று, ஜூரிமாரின் தீர்ப்பில் வென்றார். நம் பெரியவரைப் போலவே முதுகில் டாங்கி சுமந்தவர் அவர். கட்டுரையோ அப்போதும் ஏட்டில் அப்படியே இருந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியிலேதான் ஏட்டின் ஆசிரியர் அதைத் திரும்பப் பெற்றார். கம்பனி ஊழியர் எழுத்திற் பங்கெடுத்திருக்கலாம் என்பதும், ஆசிரியர்கள் வெளிப்படுத்தாத ஊதியம் பெற்றிருக்கலாம் என்பதும், புற்றுநோய் பற்றிய முடிவுக்குக் கம்பனியின் வெளியிடப்படாத ஆய்வுகளையே நம்பியிருந்தது என்பதும் அவர் கூறிய காரணங்கள். 25 வருடங்கள்!

இங்கே நாம் நிதானமாயிருக்க வேண்டும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதால் அந்த மருந்து நஞ்சென்று நிரூபணமாகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகுப்பில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை நிறுவனங்கள் அதற்கு மாறான முடிவையே எடுத்தன. சிறுநீரக நோய் பற்றிய வாதமோ முற்றிலும் வேறானது. இவற்றைத் தீர்ப்பது நமது வேலையன்று. மருந்து நல்லதோ கெட்டதோ, அதைத் தோளில் சுமந்தவன் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயம் அவனிடமிருந்து மறைக்கப்பட்டது. தராசைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதே அந்த விடயம். மருந்து தீங்கற்றது என்று நாளை ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டாலும், இந்தப் பிழை பிழையாகவே இருக்கும். ஏனெனில் அவன் தன் உடம்பை அந்தச் சொல்லை நம்பி ஒப்படைத்தான். சொன்னது பல்கலைக்கழகமா கம்பனியா என்று அறியும் உரிமை அவனுக்கிருந்தது.

மறுபக்கத்தையும் பாராமல் விடுவது நேர்மையாகாது. 2014ஆம் ஆண்டில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், கடினத் தண்ணீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து கிளைபோசேட்டே சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது என்ற கருதுகோளை வெளியிட்டனர். அது கருதுகோள்தான், நிரூபணமன்று. வேறு அறிஞர்கள் அதை வன்மையாக மறுத்தனர். ஆனால் 2015இல் அரசாங்கம் தடை விதித்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது, 2022இல் நீக்கப்பட்டது. தடையை எதிர்த்தவரெல்லாம் கம்பனியின் கூலிகள் என்று ஒரு பக்கத்தார் ஏசினர். மறுபக்கத்தார் இவர்களைப் புகழ் தேடிகள் என்றனர். பணம் மட்டுமே கண்ணை மறைக்கும் என்று எண்ணுவது தவறு. நாட்டுப்பற்று, கட்சி, தான் முன்பு சொன்னதை மாற்ற மனமில்லாமை ஆகியனவும் முள்ளைச் சாய்க்கக்கூடும். ஆயினும் பணத்துக்கு ஒரு விசேடம் உண்டு. அதை எண்ணலாம், எழுதலாம், கணக்குக் காட்டலாம். ஒருவருடைய அகந்தையைப் படிவத்தில் நிரப்பச் சொல்ல முடியாது. அவர் பெற்ற காசோலையை நிரப்பச் சொல்லலாம். எதிராளியைக் ‘கூலி’ என்று ஏசும் பழக்கமும் அப்போது குறையும் என்பது என் அபிப்பிராயம். எல்லோர் கணக்கும் மேசை மீது இருந்தால் ஏச்சுக்கு இடமேது?

“அப்படியானால் கம்பனிக் காசையே தொடாமலிருக்கலாமே” என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பதற்கு இனிய யோசனைதான். ஆனால் நமது நாடு ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதமளவே. இலவசக் கல்வியின் பயனாகப் பேராதனைக்குச் சென்று படித்துத் தேறிய பிள்ளை, ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள் வாங்கக் காசின்றி நிற்கிறது. அந்நேரத்தில் வெளியிலிருந்து உதவி வந்தால் மறுக்கச் சொல்ல நமக்கு என்ன முகம் இருக்கிறது? நமது மருந்துப் பெட்டியிலுள்ள குளிசைகளிற் பல கம்பனிகளின் பணத்தால் ஆராய்ந்து கண்டுபிடிக்கப்பட்டவைதான். ஆகவே காசு வரத்தான் போகின்றது. வந்த காசோடு எப்படி நடந்துகொள்வது என்பதே கேள்வி.

வெளிப்படுத்தினாற் போதும் என்பது பலரது விடை. முன்பு அதுகூட இருக்கவில்லை. 1967ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழக அறிஞர்கள் இருதய நோய்க்குக் கொழுப்பே முக்கிய காரணம் என்றும், சீனியின் பங்கைக் குறைத்தும் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் எழுதினர். அதற்காகச் சீனி வியாபாரிகளின் சங்கத்திடம் அவர்கள் 6,500 டொலர் பெற்றிருந்தது 2016இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. அந்த ஏடு தன் எழுத்தாளர்களிடம் பணத்தொடர்பைக் கேட்கத் தொடங்கியதே 1984இலிருந்துதான். இன்று பெரும்பாலான ஏடுகள் கேட்கின்றன. கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன.

இதைப் பற்றி ஒரு சிறு உதாரணம். பங்கிலே கோயிற் கூரை மாற்றவேண்டியிருக்கிறது. பொருளாளர் எழுந்து, “விலை கேட்டவர்களில் ஒருவர் என் மைத்துனர், இதை மறைக்க விரும்பவில்லை” என்கிறார். சபையார் மெச்சுகிறார்கள். பிறகு அவர் மீண்டும் உட்கார்ந்து, விலைமனுக்களைத் திறந்து, யாருக்குக் கொடுப்பதென்று மற்றவர்களோடு சேர்ந்து வாக்களிக்கிறார்! சொன்னதனால் என்ன பயன்? சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போயிருக்க வேண்டாமா? சொல்லியாயிற்று என்ற நிம்மதியில் அவர் முன்னையிலும் துணிவாகப் பேசவும் கூடும். 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞன் இறந்தான். ஆய்வை வழிநடத்திய விஞ்ஞானிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தப்பட்ட கம்பனியில் நலன் இருந்தது. அது அவன் ஒப்பமிட்ட சம்மதப் பத்திரத்திலேயே எழுதப்பட்டும் இருந்தது. பல பக்கமுள்ள அந்தப் பத்திரத்தில் அந்த ஒரு வரி அவனை எவ்விதத்திற் காப்பாற்றியது?

வெளிப்படுத்தல் தொடக்கமே, அதற்கு மேலும் வேண்டியிருக்கின்றது என்பதை நன்கு காட்டும் வழக்கு கனடாவில் நடந்தது. நமது நாட்டோடும் அதற்கு ஒரு தொடர்புண்டு.

தலசீமியா என்ற குருதி நோயைப் பலர் அறிந்திருப்பீர்கள். குருநாகல் வைத்தியசாலைக்கு மாதந்தோறும் குருதி ஏற்றுவதற்காகப் பிள்ளைகளைக் கொண்டு செல்லும் பெற்றோர் எத்தனையோ பேர். ஏற்றும் குருதியோடு இரும்புச் சத்து உடலில் தேங்குகிறது. ஈரலையும் இருதயத்தையும் அது கெடுக்கிறது. அதை அகற்ற, தோலுக்கடியில் ஊசி செருகி, இரவெல்லாம் சிறு பம்பியினால் மருந்து செலுத்துவர். வாரத்தில் ஐந்தாறு இரவுகள். பிள்ளை அழும், தாயும் அழுவாள். இந்த நிலையில் ஊசிக்குப் பதிலாக ஒரு குளிசை வருகிறதென்றால் அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

அத்தகைய குளிசையொன்றை, டிபெரிப்ரோன் என்பதை, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தையும் அங்குள்ள சிறுவர் வைத்தியசாலையையும் சேர்ந்த டாக்டர் நான்சி ஒலிவியேரி பரிசோதித்து வந்தார். அப்போடெக்ஸ் என்ற கம்பனி பணம் கொடுத்தது. முதலில் நம்பிக்கை கொண்டவர் அவரே. ஆனால் 1996இல், சில நோயாளரில் மருந்தின் பலன் குறைந்து செல்வதைக் கண்டார். நோயாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றார். வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழுவும் அவ்வாறே பணித்தது. கம்பனி அவரது கருத்தை ஏற்கவில்லை. மே மாதத்தில் பரிசோதனைகளை நிறுத்தியது. வெளியே சொன்னால் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்தது. 1993இல் அவர் ஒப்பமிட்ட ஒப்பந்தமொன்றில், கம்பனியின் அனுமதியின்றித் தகவலை வெளியிடலாகாது என்ற வாசகம் இருந்தது. கவனமின்றி ஒப்பமிட்டதை அவருடைய குறையென்றே சொல்லவேண்டும். எனினும் அவர் நோயாளரிடம் சொன்னார். 1997இல் ஈரலுக்கும் பாதிப்பு ஏற்படலாம் என்று கண்டு அதையும் சொன்னார். 1998இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இனி வருவதுதான் நமக்கு முக்கியம். வழக்கு மிரட்டலுக்கு முன்னே தன் ஆசிரியைக்குத் துணை நிற்கவேண்டிய பல்கலைக்கழகம் என்ன செய்தது? அதே காலத்தில் அது அதே கம்பனியிடமிருந்து ஆராய்ச்சிக் கட்டடமொன்றுக்காகப் பல மில்லியன் டொலர் நன்கொடை பெறப் பேசிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத் தலைவரோ, கம்பனிக்குப் பாதகமான மருந்து ஒழுங்குவிதிகள் வராதிருக்கவேண்டி 1999இல் நாட்டின் பிரதம மந்திரிக்கே எழுதினார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் ஒலிவியேரி அந்த வருட ஆரம்பத்தில் தம் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். சக வைத்தியர் ஒருவர் அவரைத் தூற்றி மொட்டைக் கடிதங்கள் அனுப்பியதும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒக்ஸ்போர்டின் சேர் டேவிட் வெதரோல் போன்ற பெரியோர் தலையிட்ட பின்னரே நிலைமை சற்றுத் திருந்தியது. 2001இல் கனேடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அமைத்த சுதந்திர விசாரணைக் குழு அவர் பக்கமே நியாயம் என்று கூறியது. மாகாண வைத்தியர் சபையும் அவர்மீது குற்றமில்லை என்றது.

அந்த டாக்டர் ஒலிவியேரியும் சேர் டேவிட் வெதரோலும் நம் நாட்டு வைத்தியர்களோடு சேர்ந்து குருநாகலில் தலசீமியாப் பிள்ளைகளைப் பல வருடம் ஆராய்ந்து, 2005இல் ‘லான்செட்’ ஏட்டில் எழுதியுள்ளனர் என்பதை நம்மவரிற் பலர் அறியார். ஆகவே அந்த வழக்கு எங்கோ பனி தேசத்தில் நடந்த ஒன்றென்று தள்ளிவிட முடியாது.

இங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிபெரிப்ரோன் கெட்ட மருந்தென்று முடிவாகிவிடவில்லை. ஈரல் பற்றிய அவரது கருத்தை வேறு அறிஞர்கள் மறுத்தனர். 1999இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் வரையறைகளோடு அனுமதி கிடைத்து, அது இன்றும் பயன்படுகின்றது. பிள்ளைக்கு அந்தக் குளிசையைக் கொடுத்துவரும் பெற்றோர் இதைப் படித்து நிறுத்திவிடலாகாது. வைத்தியரைக் கேட்பதே முறை. ஒலிவியேரி விஞ்ஞானத்தில் பிழைவிட்டிருந்தாலும்கூட, ஆபத்து என்று தாம் கண்டதை நோயாளருக்குச் சொல்லும் கடமை அவருக்கிருந்தது. அந்த வாயை அடைக்கும் வாசகத்தைக் கடதாசியில் எழுத எந்தக் கம்பனிக்கும் உரிமையில்லை. அதை ஏற்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமையில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகமும் அதனோடிணைந்த வைத்தியசாலைகளும் 2001இல் இதையே விதியாக்கின. ஆய்வில் பங்குபற்றுவோருக்குள்ள ஆபத்தை மறைக்கச் சொல்லும் ஒப்பந்தத்தை இனி ஏற்பதில்லை என்பதே அந்த விதி.

தனி மனிதரின் பேராசையை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடும் இடமும் இதுவே. ஆராய்ச்சியாளருக்கு ஒரு சதமும் இலாபமில்லாதிருந்தும், அவரை மேற்பார்க்கும் நிறுவனம் முரண்பட்ட நலனில் சிக்கியிருக்கலாம். அப்போது முறைப்பாட்டை யாரிடம் கொண்டுபோவது? கணக்கப்பிள்ளையைப் பற்றித் துரையிடம் சொல்லலாம். துரைக்கே அந்தத் தராசில் பங்கிருந்தால்? அதனாலேதான், ஆராய்ச்சியாளரின் பணத்தொடர்பை அளவிட்டு, அவரை விலக்குவதா, வேறொருவரைக் கணக்கைப் பார்க்கச் செய்வதா, ஆய்வையே நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் குழுவில், அந்த நிறுவனத்தோடு சம்பந்தமற்ற வெளியார் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அமெரிக்காவில் அரசாங்கப் பணம் பெறும் ஆய்வாளர்கள் 5,000 டொலருக்கு மேற்பட்ட நலன்களைத் தம் நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று 2011இல் விதி இறுக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் அறிவிப்பைப் பெறுவதும் அதே நிறுவனமல்லவா?

இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கேன் என்று நினைக்கவேண்டாம். நமது குடும்பங்களுக்கு இதில் இரண்டு விதமான பங்குண்டு.

ஒன்று, நோயாளராக. பெரிய வைத்தியசாலையில் “ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?” என்று கேட்டுக் கடதாசியை நீட்டும்போது, நம்மவர் பெரும்பாலும் வாசியாமலே ஒப்பமிடுகிறார்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். அது தமிழில் இருக்கிறதா என்று கேட்கவும் கூச்சம். கேளுங்கள். இந்த ஆய்வுக்குப் பணம் தருபவர் யார், முடிவு சாதகமில்லாவிட்டாலும் எனக்குச் சொல்வீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் மரியாதையாகக் கேட்பதற்கு எவரும் கோபிக்கமாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு விடைதான். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். பல்கலைக்கழகங்களும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. வியாபார இரகசியம் என்று மறுத்தாலும், பொதுநலன் அதனினும் பெரிதென்று வாதாட அந்தச் சட்டமே இடந்தருகிறது.

மற்றது, பெற்றோராக. லயத்தில் பிறந்து, பாடசாலைக்கு நடந்து போய், பேராதனை வரை எட்டிய பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை மண்ணியலிலோ மருந்தியலிலோ ஆராய்ச்சி செய்வார். ஒரு கம்பனி புலமைப்பரிசிலோடு வரும். பிள்ளை வீட்டுக்கு வந்து கடதாசியைக் காட்டும்போது, “எவ்வளவு தருகிறார்கள்?” என்று கேட்கும் தகப்பன்மார் அதிகம், அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை, வறுமையை அறிந்தவன் நான். அதோடு இன்னொன்றையும் கேட்டுவிட்டால் நல்லது. “நீ கண்டதைச் சொல்ல விடுவார்களா? அது எந்த வரியில் எழுதியிருக்கிறது?” ஒலிவியேரியைப் போன்ற அனுபவசாலியே கவனிக்காமல் ஒப்பமிட்ட இடம் அது. முதற் சம்பளத்தின் மகிழ்ச்சியில் இருக்கும் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை கவனிக்குமா?

அந்தப் பெரியவரை இந்த வருட ஆரம்பத்தில் மீண்டும் சந்தித்தேன். 2000ஆம் ஆண்டுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதையும், அதன் காரணத்தையும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மருந்து கெட்டதென்று இதனால் அர்த்தமில்லை, இன்னும் ஆராய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப நான் கேட்டது தப்பில்லதானே மாஸ்டர்?” என்றார். தப்பில்லை என்றேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தோட்டத்தில் இப்போது தம் மூத்த மகன்தான் டாங்கி சுமக்கிறான் என்றும், மகனுக்கு விளங்கும்படி இதையெல்லாம் தமிழில் ஒரு கடதாசியில் எழுதித் தரமுடியுமா என்றும் கேட்டார்.